ஆர்லிஸ் நீஸின் மேல்குரல்

வாங்க கண்ணுகளா, இப்படி அடுப்புப் பக்கம் நெருங்கி உக்காருங்க. காலை நீட்டணும்னா நீட்டிக்குங்க. தூக்கம் வந்தா பக்கத்து ஆள் தோள்ல சாஞ்சுக்குங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன். செத்துப்போயிட்டான்னு நாடே ஒருத்தனுக்காக அழுத பாட்டு ஒண்ணு. அந்தப் பாட்டுக்குப் பின்னாடியே அவன் உசுரோட நின்னு வாசிச்ச கதையை உங்களுக்குச் சொல்றேன். சிரிப்பு வந்தா அடக்காதீங்க. நடுவுல கொஞ்சம் மூச்சு முட்டும், அது அவனோட மூச்சு. பொறுத்துக்குங்க.

எங்கள் சவர்வுட் பள்ளத்தாக்கில் இரண்டு மலைக்கு நடுவே ஓர் ஓடை, ஒரு ரோடு, அவ்வளவுதான் இடம். எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் ஓடையில் இறங்கியாக வேண்டும். அந்த இடுக்கில் பிறந்தவர்கள்தான் நீஸ் வீட்டுப் பிள்ளைகள். மூத்தவன் வெர்லின், இளையவன் ஆர்லிஸ். இரண்டு பேருக்கும் தலை நரைத்து, வெர்லினுக்குக் கெண்டக்கி மாநிலம் முழுக்கப் பெரிய பேர் வந்த பிறகும் எனக்கு அவர்கள் 'அவன், இவன்'தான். ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் மூக்கைச் சிந்தியவர்கள் நாங்கள்.

வெர்லினுக்குக் கிட்டார், ஆர்லிஸுக்கு மாண்டலின். வெர்லின் பாட்டின் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் நடப்பான். ஆர்லிஸ் அதன் தலைக்கு மேலே மெல்லிசாக இன்னொரு குரலை, மேல்குரலை, பறக்கவிடுவான். கூடப்பிறந்தவர்கள் சேர்ந்து பாடினால் இரண்டு குரலுக்கும் நடுவில் கத்தி முனையைக்கூட நுழைக்க முடியாது. வெளியாள் எவ்வளவு நன்றாகப் பாடினாலும் அந்த இடுக்கு தெரிந்துவிடும். எங்கள் மலைக்காரர்கள் ஒரு அடி கேட்டதுமே சொல்லிவிடுவார்கள், இது அண்ணன் தம்பி, இது கூலிக்கு வந்தவன் என்று.

அப்பாவுக்கு நுரையீரலில் கரி ஏறியதும், ஆர்லிஸ் மாண்டலினை ஆணியில் மாட்டிவிட்டுச் சுரங்கத்துக்குப் போனான். பெரிய சுரங்கம் இல்லை. மலையில் நாய் தோண்டிய பொந்து மாதிரி ஒன்று. யார் உள்ளே போனார், யார் வெளியே வந்தார் என்று எழுதிவைக்கக்கூட ஆள் கிடையாது. வெர்லின் முதல் இசைத்தட்டுக்குப் பாட நாஷ்வில் பட்டணத்துக்குப் போயிருந்தபோது அந்தப் பொந்தின் கூரை இறங்கிவிட்டது. 'உள்ளே இருந்த எல்லாரும் போயிட்டாங்க' என்று அவனுக்குச் செய்தி போயிற்று. ஊருக்கு வர மறுநாள்தான் பஸ். அன்று சாயங்காலமே ஸ்டுடியோ மூலையில் உட்கார்ந்து ஒரு பாட்டுக் கட்டி, அழுதுகொண்டே பாடினான். நடுவில் கிட்டார் மட்டும் மெதுவாக ஓட, பாடாமல் பேசுகிற ஒரு பகுதி. "ஆர்லிஸ், நான் பேசறது உனக்குக் கேக்குதாடா?" என்று அது தொடங்கும். தட்டுப் போடுகிறவர் அதைத் தள்ளிப்போடாமல் உடனே ரேடியோவுக்கு அனுப்பிவிட்டார்.

வெர்லின் அடக்கத்துக்கென்று ஊருக்கு வந்தால், செத்தவன் கட்டிலில் படுத்துக்கொண்டு கோழி சூப் குடிக்கிறான். பழைய காற்றுத் துளை ஒன்றின் வழியாக ஊர்ந்து வெளியே வந்திருந்தான். இடுப்பு நொறுங்கியிருந்தது, மற்றபடி ஆள் முழுசு. அண்ணன் அவன் மேல் விழுந்து அழுதது ஓடைக்கு அந்தப் பக்கம் கேட்டது. உடனே நாஷ்வில்லுக்குத் திரும்பிப் போய், பாட்டை நிறுத்துங்கள், என் தம்பி இருக்கிறான் என்றான். தட்டுக்காரர், "கொஞ்ச நாள் பொறு. பாட்டோட மவுசு இறங்கட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்" என்றார்.

அந்தப் பாட்டு இறங்கவே இல்லை கண்ணுகளா.

அப்பாவின் மருந்து அதில் வந்தது. அம்மாவுக்கு மழை ஒழுகாத வீடு அதில் வந்தது. பள்ளிக்கூடத்துக்கு அடுப்பு, ஓடைமேல் பாலம், எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் குளிர்காலப் பூட்ஸ், எல்லாம் அதில்தான். அதனால் நாங்களும் வாயைத் திறக்கவில்லை. படம் பிடிக்க வேண்டும் என்று மேட்டில் ஒரு கல்லறைக் கல்லும் நட்டார்கள். ஆர்லிஸே வருஷா வருஷம் அதைச் சுற்றிப் புல் வெட்டுவான். இடுப்பு போனவனை இனிச் சுரங்கம் எடுக்காது. வெர்லின் அவனைத் தன் குழுவிலேயே சேர்த்துக்கொண்டான். பெரியப்பா மகன் டாயல் என்று சொல்லி, ஆளுயர பாஸ் வாத்தியத்தைக் கையில் கொடுத்துப் பின்னால் நிறுத்தினான். ஒரே ஒரு நிபந்தனை. வாயைத் திறந்து பாடக் கூடாது. பாடினால் முதல் அடியிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். அப்படியே நாற்பது வருஷத்துக்கு மேல், மேடைக்கு மேடை, தன் சாவுக்குத் தானே தாளம் போட்டுக்கொண்டு வாயை மூடி நின்றான் ஆர்லிஸ். கல்யாணம்கூட அந்தப் பேரில்தான்.

இப்போது நடந்த விஷயத்துக்கு வருகிறேன்.

வெர்லினுக்கு வயசான காலத்தில், நாஷ்வில்லிலிருந்து காலோவே என்று ஒருத்தர் வந்தார். ஊர் ஊராகப் போய்ப் பழைய பாட்டுகளைப் பதிவு பண்ணுகிற மனுஷர். "பளபளப்பு ஒண்ணும் வேண்டாங்க. உங்க அப்பா சொல்லிக்கொடுத்த பாட்டு, உங்க ஊர்லயே, அந்தக் காலத்துல பாடின மாதிரி ரெண்டு குரல்ல ஒரு ஆல்பம் போடுவோம்" என்றார். வெர்லினுக்கு ஆசை தாங்கவில்லை. ஆனால் மேல்குரலுக்கு யார்? வெளியாட்கள் வந்து பாடிப் பார்த்தார்கள். ஒருத்தனும் ஒட்டவில்லை. கடைசியில் தம்பி வீட்டு அடுக்களைக்கு வந்து நின்றான். தம்பி பெண்டாட்டி ஓமா பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தாள், நானும் கூட இருந்தேன்.

"வந்தவன் எவனும் தேறலை, ஆர்லிஸ். ஒருத்தன் வாயைத் திறந்தா பல்லைப் பிடுங்கற மாதிரி இருக்கு."

"அதுக்கு நான் என்ன பண்ண?"

"நீ பாடணும்டா."

ஓமா தலையைத் தூக்காமலே கேட்டாள். "யாரு பாடணும், டாயலா, ஆர்லிஸா? எந்த ஆளு வேணும்னு சொல்லிக் கூட்டிட்டுப் போ. நான் ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் துணி துவைக்கிறேன்."

வெர்லின் தொப்பியைச் சுழற்றினான். ஆர்லிஸ் எழுந்து, ஆணியில் கிடந்த பழைய மாண்டலினைக் கையில் எடுத்தான். பிறகு, "பாடறேன். ஆனா அட்டையில என் பேரு இருக்கணும். அப்பா வச்ச பேரு" என்றான்.

"பாக்கலாம்."

"பாக்கலாம்னா?"

"பாக்கலாம்னா பாக்கலாம்தான். என்னை என்ன செய்யச் சொல்றே? பாட்டைக் கேட்டு அழுதவங்க கிட்டப் போய், அழுததைத் திருப்பி வாங்கிக்குங்கன்னு சொல்லவா?"

அது ஒரு வாக்கு இல்லை என்று ஆர்லிஸுக்கும் தெரியும். ஆனால் அத்தனை வருஷம் மூடியிருந்த தொண்டை. நெஞ்சுக்குள் நின்ற பாட்டு அவனை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

மூடிக்கிடந்த எங்கள் பழைய பள்ளிக்கூடத்தில்தான் பதிவு. நல்ல ஜூலை வெயில். வெளியே சில்வண்டு இரைகிறது என்று காலோவே ஜன்னல்களை எல்லாம் சாத்தச் சொன்னார். சுவரெல்லாம் எங்கள் வீட்டு ஒட்டுத்துணிப் போர்வைகளைத் தொங்கவிட்டார். மின்விசிறியும் கூடாது, அதுவும் சத்தமாம். ஆள் உட்கார்ந்திருந்தால்தான் அறைக்கு உயிர் இருக்கும் என்று ஊர்க்காரர்களையும் பெஞ்சுகளில் உட்காரவைத்தார். இருமக் கூடாது, நகரக் கூடாது. கதவைத் தாழ் போட்டதும் ரொட்டி சுடுகிற அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஆர்லிஸ் மட்டும் கதவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். சுரங்கத்துக்குப் பிறகு அவனுக்கு மூடின கதவு ஆகாது.

நடுவில் ஒரே ஒரு மைக். எல்லோரும் அதைச் சுற்றி நிற்க வேண்டும். பாடுகிறவர்கள் கன்னத்தோடு கன்னம் வைத்துப் பாடி, வாசிக்கிறவருக்கு வழிவிட்டு விலகி, மறுபடி நெருங்க வேண்டும். அதில் போனது எல்லாம் ஒன்றாகவே போகும். ஒருத்தர் தும்மினால் அந்தத் தும்மலை மட்டும் எடுக்க முடியாது, பாட்டையே தூக்கிப் போட வேண்டியதுதான். காலோவே பின்னறையில் காதுக்கு ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

முதல் பாட்டில் அண்ணனும் தம்பியும் வாயைத் திறந்தார்கள்.

என்ன சொல்ல! நான் மறந்தே போயிருந்தேன். ஓமா சமையல் ஏப்ரனில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். புருஷன் முழுசாகப் பாடி அவள் அதுவரை கேட்டதே இல்லை. காலோவே ஓடிவந்தார்.

"டாயல், இத்தனை நாள் எங்கேங்க ஒளிஞ்சிருந்தீங்க? பெரியப்பா மகன்னாலும் இப்படியா ஒட்டும்!"

பாஞ்சோ வாசிக்கிற எஸ்டில் சட்டென்று, "எங்க ஓடைத் தண்ணி அப்படிங்க" என்றான். எல்லாரும் சிரித்தோம். ஆர்லிஸ் சிரிக்கவில்லை.

மத்தியானத்துக்கு மேல் அவர்கள் அப்பாவின் பாட்டு ஒன்றை எடுத்தார்கள். வெள்ளத்தில் அடித்துப்போன கோவேறு கழுதையைப் பற்றிய குஷியான பாட்டு. சின்ன வயசில் அடுப்படியில் குதித்துக் குதித்துப் பாடியது. பாட்டு சூடு பிடித்தது. எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று உண்டு. ஒருத்தன் தனியாக வாசிக்கிற இடம் வந்தால், பாட்டைக் கொண்டுபோகிறவன் அவன் பேரைக் கூவி உள்ளே அழைப்பான். வெர்லின் எஸ்டில் பேரைக் கூவினான், எஸ்டில் வந்து வாசித்துவிட்டுப் போனான். அடுத்தது ஆர்லிஸின் மாண்டலின். வெர்லின் கண்ணை மூடியிருந்தான். அவன் பள்ளிக்கூடத்தில் இல்லை, அடுப்படியில் இருந்தான் என்று எனக்குத் தெரிந்தது.

"எடுடா, ஆர்லிஸ்!" என்று கூவினான்.

எங்களுக்கு மூச்சே நின்றது. ஆர்லிஸின் விரல் நிற்கவில்லை. அவன் அன்றைக்கு வாசித்த மாதிரி யாரும் வாசித்துக் கேட்டிருக்க மாட்டீர்கள். பிறந்த வீட்டுக்குள் ஓடிவந்த குழந்தை மாதிரி அந்தப் பேருக்குள் ஓடிவந்தான். பாட்டு முடிந்தது. வெர்லினின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

காலோவே மெதுவாக வந்தார். கண் நனைந்திருந்தது. "வெர்லின், நீங்க உங்க தம்பியைக் கூப்பிட்டீங்க."

ஆர்லிஸ் அண்ணனைப் பார்த்தான். இந்த இடம்தான். வெர்லின் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். தம்பி கேட்டது அவன் மடியில் வந்து விழுந்துவிடும்.

வெர்லின் கிட்டார் கம்பியைத் திருகினான். "அப்பா பாட்டு இல்லையா. செத்தவன் ஞாபகம் வந்துட்டுது."

"இதை நான் தொடவே மாட்டேன்" என்றார் காலோவே. "அப்படியே போகட்டும். செத்த தம்பியை நடுப்பாட்டுல கூப்பிட்ட குரலைக் கேட்டா கல்லும் கரையும்." பிறகு ஆர்லிஸின் தோளில் கை வைத்தார். "உங்களுக்கும் கஷ்டமா இருந்திருக்கும், டாயல். அவரை உங்களுக்கு நல்லாத் தெரியுமோ?"

"கொஞ்சம் தெரியும்" என்றான் ஆர்லிஸ்.

சொல்லிவிட்டு எங்களைப் பார்த்தான். பெஞ்சு பெஞ்சாக, முகம் முகமாக. யாராவது எழுந்திருப்பார்களா என்று. நாங்கள் எல்லாரும் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கெட்ட எண்ணம் இல்லை கண்ணுகளா. பழகிப்போன வாய், பூட்டு துருப்பிடித்த கதவு மாதிரி. உண்மையாகவே திறக்கவில்லை.

கொஞ்சம் ஓய்வு விட்டார்கள். நான் சோளரொட்டியும், பன்றிக்கறி போட்ட பீன்ஸும் தட்டில் வைத்து வெளியே எடுத்துப் போனேன். படியில் ஓமாவும் அவனும் உட்கார்ந்திருந்தார்கள். அவன் தட்டைத் தொடவில்லை.

"வீட்டுக்குப் போயிடலாம் வா" என்றாள் ஓமா. "உன் அண்ணன் பாட்டு உன் அண்ணனோட. நமக்கு எதுக்கு?"

"அந்தச் சுரங்கத்துல கூட ஒரு காத்துத் துளை இருந்துச்சு, ஓமா. இதுல எங்கே இருக்குன்னு எனக்குத் தெரியலை. இன்னிக்கு என் பேரைச் சொல்லியே என்னை மூடிட்டான்."

உள்ளே காலோவேக்கு ஒரு யோசனை வந்திருந்தது. இவ்வளவு உருகின மனசு ஆறுவதற்குள் அந்தப் பழைய பாட்டையும் எடுத்துவிட வேண்டுமாம். நாடே அழுத பாட்டு, இந்த முறை இரண்டு குரலில். வெர்லின் வேண்டாம் என்று இழுத்தான். ஏன் வேண்டாம் என்று கேட்டால் சொல்லக் காரணம் இல்லை. மாட்டிக்கொண்டான். ஆர்லிஸ் வந்து மைக்கின் மறுபக்கம் நின்றான். "நான் பாடறேன்" என்றான், வேறு ஒன்றும் சொல்லாமல்.

கதவு மறுபடி தாழ் விழுந்தது. அத்தனை வருஷம் பின்னால் நின்று கேட்டவன், முதல் தடவையாகத் தன் சாவைத் தானே பாடினான். 'மலையை மேலே போர்த்திக்கொண்டு என் தம்பி தூங்குகிறான்' என்று வெர்லின் கீழே பாட, அதே வரியைத் தம்பி மேலே பாடினான். அழகாகத்தான் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

பேசுகிற இடம் வந்தது. கிட்டார் மட்டும் மெதுவாக ஓடியது. வெர்லின் மைக்கில் குனிந்தான். அவன் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் தம்பியின் முகம்.

"ஆர்லிஸ், நான் பேசறது உனக்குக் கேக்குதாடா?"

"கேக்குது வெர்லின்" என்றான் ஆர்லிஸ். "பக்கத்துலதான் நிக்கிறேன்."

சத்தமாகச் சொல்லவில்லை. சாப்பாட்டு மேஜையில் உப்பு கேட்டால் எடுத்துக் கொடுப்பது மாதிரி சொன்னான்.

கிட்டார் நின்றது. வெர்லின் தம்பியின் காதோரம் சாய்ந்து, மூச்சுக் காற்றால் முணுமுணுத்தான். எங்களுக்கு உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. ஆனால் அந்த மைக்குக்கு ரகசியம் ஏது? பின்னறைக் கதவு திறந்தது. காலோவே காதில் மாட்டியதைக் கழற்றாமலே, ஒயர் இழுபட வந்து நின்றார்.

"வெர்லின்… 'கெடுத்துடாதே ஆர்லிஸ், உன் கால்ல விழறேன்'னு சொன்னீங்க. உள்ள கேட்டுச்சு. யாரு கால்ல?"

வெர்லின் வாயைத் திறந்தான். இன்னொரு பொய் அவன் நாக்கு நுனிவரை வந்ததை நான் பார்த்தேன். தம்பி நகரவில்லை, திட்டவில்லை, கெஞ்சவில்லை, சும்மா நின்றான். அவன் நின்ற நிலையைப் பார்த்ததும் வெர்லினின் தோள் இரண்டும் தொங்கிப்போயின.

"இவன் கால்லதான்" என்றான். "இவன் டாயல் இல்லைங்க. எங்களுக்கு அப்படி ஒரு பெரியப்பா மகனே கிடையாது. இவன் என் தம்பி. சாகலை. ஒருநாளும் சாகலை. நான்தான் சாக விடாமயும் வாழ விடாமயும் வச்சிருந்தேன்."

அவ்வளவுதான். பெஞ்சுகள் எல்லாம் உடைந்த அணை மாதிரி பேச ஆரம்பித்தன. "ஆமாங்க, ஆர்லிஸ்தான்!" "நான் அவன்கூடப் படிச்சேன்!" எஸ்டில் பாஞ்சோவைத் தூக்கி, "தாடை வலிச்சுப்போச்சுய்யா எனக்கு, இத்தனை வருஷமா டாயல் டாயல்னு!" என்றான். ஓமா எழுந்து போய்க் கதவின் தாழைத் திறந்தாள். சில்வண்டுச் சத்தம் வெள்ளம் மாதிரி உள்ளே வந்தது.

காலோவே சின்னப் பிள்ளைகள் பெஞ்சில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "அப்ப… அந்தப் பாட்டு?"

"நல்ல பாட்டுங்க" என்றான் ஆர்லிஸ். "எனக்குத்தான் அது பொருந்தலை."

ஆல்பம் வந்தது. அந்தப் பாட்டு அதில் இல்லை. வெர்லினால் அதற்குப் பிறகு அதைப் பாட முடியவில்லை. அட்டையில் 'வெர்லின் நீஸ், ஆர்லிஸ் நீஸ்' என்று ஒரே அளவு எழுத்து. கழுதைப் பாட்டில் அந்தக் கூவல் அப்படியே இருக்கிறது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீங்க. ஏமாந்த கோபத்தில் சில ஊர்கள் வெர்லினை இனிமேல் வராதே என்றன. இன்னும் சில பேர் நம்பவே இல்லை. எங்கிருந்தோ ஓர் அம்மாள் கல்லறையில் வைக்கப் பூ எடுத்துக்கொண்டு வந்தாள். "நான்தாம்மா ஆர்லிஸ்" என்றான் இவன். அவள் இவன் கன்னத்தைத் தட்டி, "பாவம், நீயும் அவர் மேல ரொம்பப் பாசம் வச்சிருந்திருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் சிரித்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆர்லிஸும் சிரித்தான், அப்புறம் கொஞ்ச நேரம் ஓடையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இன்னொரு நாள் கடைத்தெருவில் வெர்லினின் பழைய டிரக் வெயிலில் நின்றது. உள்ளே அவன் இருந்தான், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு. கடை வாசலில் ஆள் கூட்டம். என்ன கேட்பார்களோ என்று இறங்கப் பயம். நானும் ஓமாவும் ஆர்லிஸும் மாவு மூட்டையோடு வந்து பார்க்கிறோம், வெர்லினின் சட்டையெல்லாம் தொப்பலாக நனைந்திருந்தது. ஆர்லிஸ் மூட்டையை எங்களிடம் விட்டான். போய்க் கதவைத் திறந்து அண்ணன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். மூடின வண்டி ஆகாதவன் கதவையும் சாத்திக்கொண்டான். இரண்டு கிழவர்களும் உள்ளே வேர்த்துக்கொண்டு எதிரே பார்த்தபடி இருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஆர்லிஸ் கண்ணாடியைப் பாதி இறக்கினான். அவன் குரல் வெளியே கேட்டது.

"எனக்குப் பசிக்குது வெர்லின். கடையில ஆப்பிள் பணியாரம் சூடா இருக்கு. நீ வந்தா வா, இல்லேன்னா உன் பங்கையும் நானே தின்னுடுவேன்."

வெர்லின் பக்கத்துக் கதவு திறந்தது. ஒரு கால் தரையில் ஊன்றியது.

"இருடா ஆர்லிஸ்" என்றான் வெர்லின், கடைத்தெருவே திரும்பிப் பார்க்கும்படி. "வரேன்."

அவ்வளவுதான் கண்ணுகளா என் கதை. உங்க வீட்டுக் கதவுக்குத் தாழ் உள்பக்கம் மட்டும் இருக்கட்டும். அதைத் திறக்க உங்க கைக்கு எப்பவும் பலம் இருக்கட்டும். உங்க பிள்ளைங்க எந்த ஊர் போனாலும் அவங்கவங்க பேரைச் சொல்லிக் கூப்பிட ஒரு குரல் இருக்கட்டும். அடுப்புல பீன்ஸ் அடிப்பிடிக்காம வேகட்டும். நல்லா இருங்க, எல்லாரும் நல்லா இருங்க.